குதிரைக் குளம்பும் இலாயத் தரையும்

குதிரையின் வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் அதன் விரைவையும் வீரத்தையுமே எழுதினர். அது நின்ற தரையைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். போர்க்களத்திற் குதிரை கழித்தவை சில நாழிகைகளே. இலாயத்திற் கழித்த நாள்களோ பல. அரசர் பொன் கொடுத்து வாங்கிய புரவிகளுள் எத்தனையோ, பகைவரின் வேலை ஒருநாளும் காணாது, தம் காலடியிற் கிடந்த ஈரத்தாலும் சாணத்தாலும் நொண்டியாகிப் பயனிழந்தன. அவ்வீரம் விளைக்கும் நோய்களுள் ஒன்று குளம்படி அழுகல். அது கொள்ளைநோயன்று, உயிரை உடனே வாங்குவதுமன்று. மருந்திட்டால் ஆறும், சில கிழமைகளின் பின் மீண்டும் தோன்றும். இவ்வாறு மீண்டு மீண்டு வரும் ஒரு சிறு நோயை மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஆராயுங்கால், அதனைத் தடுக்கும் வழி மிகப் பழங்காலத்திலேயே அறியப்பட்டதும், பின்னர் அது மறக்கப்பட்டதும் புலனாகின்றன.

குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பின் அடிப்புறத்தை நோக்கின், குதிப்பக்கத்தில் அகன்றும் முன்பக்கத்திற் கூம்பியும் ஆப்புப் போன்ற ஒரு பகுதி தோன்றும். சுற்றியுள்ள குளம்புச் சுவர் கொம்புபோல் வலிதாயிருக்க, இது மட்டும் இறப்பரைப் போல அழுத்தத்துக்கு இசைந்து கொடுக்கும். இதனை அடித்திண்டு எனக் குறிப்பிடலாம். கிரேக்கர் இதன் பிளவுபட்ட வடிவத்தைக் கண்டு, பிளந்த வாலையுடைய தகைவிலான் குருவியின் பெயரை இதற்கு இட்டனர். ஆங்கிலேயருக்கோ இது தவளையாகத் தோன்றியது. குருவியாயினும் தவளையாயினும், இதன் நடுவே ஒரு பள்ளமும் இரு மருங்கிலும் இரண்டு பள்ளங்களும் உள. நோய் தொடங்கும் இடம் அப்பள்ளங்களே. அங்கே கருநிறமான கசிவு உண்டாகும். அதன் நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் பின்னர் மறவார். திண்டின் மேற்பகுதி சிதைந்து கந்தலாகும். கவனியாது விட்டால் அழுகல் உட்சென்று உயிருள்ள தசையைத் தொட, விலங்கு நொண்டும். உழவர் நன்கறிந்த கோமாரியோடு இதனை மயக்குதல் ஆகாது. கோமாரி மாடு, ஆடு முதலிய பிளந்த குளம்புடைய விலங்குகளுக்கே வருவது. குதிரையை அது பற்றுவதில்லை.

குதிரையின் காலைக் காக்கும் முறையை விரிவாகக் கூறும் பழைய நூல்களுள் முதன்மையானது, செனபோன் என்னும் கிரேக்கர் கி. மு. நான்காம் நூற்றாண்டில் இயற்றிய குதிரையேற்ற நூலாகும். செனபோன் சோக்கிரதரின் மாணாக்கர். பாரசீக நாட்டின் உள்நிலத்திலிருந்து கிரேக்கக் கூலிப்படையை மீட்டுக்கொணர்ந்த தலைவருள் ஒருவர். ஏட்டறிவு மட்டுமன்றிக் குதிரையின் முதுகில் நெடுங்காலம் வாழ்ந்த அறிவும் அவருக்கு உண்டு. குதிரையை வாங்கச் செல்பவன் முதலிற் காலைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அடித்தளம் கெட்டிருந்தால் மேல்வீடு எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லாதவாறு போல, கால் கெட்ட போர்க்குதிரையும் பயனற்றது என்பர். நல்ல குளம்பு நிலத்தில் மோதும்போது கைத்தாளம் போல ஒலிக்கும் என்று, தமக்கு முன் எழுதிய சைமன் என்பவரைச் சான்று காட்டி உரைப்பர்.

அவர் காலத்துக் கிரேக்கர் ஆணியடித்த இலாடத்தை அறியார். ஆகவே வெறுங் குளம்பை வலிதாக வைத்திருத்தல் அவர்க்கு வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட செய்தியாயிற்று. ஈரமும் வழவழப்பும் உள்ள தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்று செனபோன் திட்டமாக எழுதினார். அதற்கு அவர் கூறும் பரிகாரம் மருந்து அன்று, கட்டட வேலை. இலாயத்தின் தரையிலே நீர் வடியச் சாய்வான கால்கள் வேண்டும்; குளம்பின் அளவான கற்களை நெருங்கப் பதிக்க வேண்டும். வெளிமுற்றத்திலோ, ஏறத்தாழ ஓர் இறாத்தல் எடையுள்ள உருண்டைக் கற்களை நான்கு அல்லது ஐந்து வண்டி அளவு கொட்டிப் பரப்பி, அவை சிதறாவண்ணம் இரும்பு விளிம்பினால் வளைத்தல் வேண்டும். காலையுணவின் பின் குதிரையை அங்கே நிறுத்தித் தேய்க்குங்காலும், ஈ மொய்க்குங்காலும், அது காலை மாற்றி மாற்றி வைக்கும். கல்வழியிலே நடந்ததன் பயன் நின்ற இடத்திலேயே அதற்குக் கிட்டும். அக்கற்கள் அடித்திண்டையும் உறுதியாக்கும் என்று அவர் தனியே எடுத்துரைத்தமை கருதத்தக்கது.

இன்னொரு குறிப்பும் உண்டு. குதிரையின் கால்களை நாள்தோறும் கழுவுதல் ஆகாது, அது குளம்புக்குக் கேடு என்பர். தூய்மையை விரும்பும் பரிகாரி முதலிற் செய்ய நினைப்பது கழுவுதலே. செனபோனோ, அழுக்கை நீக்குதல் வேறு, நனைத்தல் வேறு என்று கண்டிருந்தார். இவ்வேறுபாட்டை உணராத இலாயங்கள் இன்றும் உள.

உரோமரும் இதே நெறியைப் பின்பற்றினர். முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் செய்த கொலுமெல்லா, குளம்பு நனையாதிருக்கக் கருவாலிப் பலகை பரப்பலாம், அன்றேல் தரையைத் துப்புரவு செய்து பதர் தூவலாம் என்றார். விலங்கு மருத்துவ நூல் செய்த வெகேத்தியசும் கருவாலிப் பலகையையே போற்றினார்.

பாரத நாட்டிலே, கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அசுவாத்தியட்சனுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் நீள அளவான சதுர இடம், வழவழப்பான பலகைத் தரை, தீனித் தொட்டி, மூத்திரமும் சாணமும் கழிந்துபோக வழி ஆகியன அமைய வேண்டும். குதிரை கிழக்கு நோக்கியோ வடக்கு நோக்கியோ நிற்க வேண்டும் என்பது விதி. கிரேக்கர் வழவழப்பை வெறுக்க, கௌடிலியர் அதனை விரும்பினார் என இருவரையும் முரண்படுத்தல் எளிது. உண்மையில் இருவரும் அஞ்சியது தேங்கி நிற்கும் மூத்திரத்தையே. கல்லைப் பதித்தவரும் பலகையைப் பரப்பியவரும் வடிகாலை மறக்கவில்லை. கௌடிலியரிடம் கிரேக்கரிடம் இல்லாத ஒன்றும் உண்டு. மருத்துவத்தின் குறையாலோ மருந்தின் குறையாலோ குதிரையின் நோய் முற்றினால், குணப்படுத்தும் செலவின் இருமடங்கைத் தண்டமாக விதிக்கிறார். தரைக்கும் நோய்க்கும் பொறுப்பாளி ஒருவன் இருந்தான் என்பது இதன் பொருள். அசுவ சாத்திரங்கள் சாலிகோத்திரர், நகுலன் முதலியோர் பெயரால் வழங்கி வந்தன. நகுலன் பெயரால் வழங்கும் நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் 1952 ஆம் ஆண்டில் அச்சிட்டது.

குதிரையைத் தன்னகத்தே வளர்த்த நாட்டின் நிலை இது. அதனைக் கடல்வழி இறக்கிய தமிழகத்தின் நிலை வேறு. காவிரிப்பூம்பட்டினத்தில் மரக்கலத்திற் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டியர் துறைமுகங்களில் இவ்வாணிகம் பெருகி நின்றது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, கீசுத் தீவின் வணிகர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தனர் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியனே விலை கொடுத்தான் என்றும் எழுதினார். மார்க்கோ போலோ கூறுவது இன்னும் வியப்பானது. அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவர். ஆண்டின் இறுதியில் நூறு குதிரைகள்கூட எஞ்சா. குதிரையைப் பேண அறிந்தாரும் இலாடகாரரும் அங்கில்லாமையே காரணம் என்றும், வணிகர் தம் வாணிகம் குன்றாதிருக்க அத்தகையோரை வரவிடாது தடுத்தனர் என்றும் அவர் உரைப்பர்.

போலோவின் எண்கள் மிகைபட்டிருத்தல் கூடும். ஆயின் வசாபு தரும் ஒரு சிறு செய்தி அவருடைய கூற்றை வலுப்படுத்துகிறது. புதிதாக வந்த குதிரைகளை முளையிலும் கயிற்றிலும் பிணித்து நாற்பது நாள் இலாயத்தில் நிறுத்திக் கொழுக்க வைப்பர், பின்னர்ப் பயிற்சியின்றியே ஏறி ஓட்டுவர் என்பது அது. இருவரும் குளம்பைத் தனித்துப் பேசினாரல்லர். எனினும் வறண்ட பாரசீகக் கரையிற் பிறந்த விலங்கு, கப்பலின் அடித்தட்டிற் பல நாள் நின்று, பின் வெப்பமும் ஈரமும் மிக்க கரையில் நாற்பது நாள் ஓரிடத்திற் கட்டுண்டு தன் கழிவின்மேல் நிற்குமாயின், அதன் காலடி என்னாகும் என்பதைக் குதிரை வளர்ப்போர் எவரும் ஊகிப்பர். வெப்பநிலையும் பொருந்தாத உணவும் பல குதிரைகளைக் கொன்றிருக்கும். ஆனால் அசையாது கட்டுண்டு நிற்றல் குளம்புக்கு எத்துணைத் தீங்கு என்பதனைச் செனபோனின் கல் முற்றம் முன்னரே காட்டியது. வாங்கும் பொன்னுக்குக் குறைவில்லாத நாட்டிலே, பேணும் கைக்குக் குறை நேர்ந்தது.

மேனாட்டிலோ கேடு வேறு வழியில் வந்தது. ஆணியடித்த இரும்பு இலாடம் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளை அடுத்து ஐரோப்பாவிற் பரவியது. குளம்பு தேயாமற் காத்தமையால் அது போருக்கும் உழவுக்கும் பெருந்துணையாயிற்று. ஆயின் இலாடம் குளம்பை இரும்பின் கனத்தளவு நிலத்தினின்றும் உயர்த்தியது. அடித்திண்டு தரையைத் தொடாதாயிற்று. போதாக்குறைக்கு, இலாடம் தைப்பவன் அழகு கருதித் திண்டையும் கத்தியாற் செதுக்கி மெலிவித்தான். உழைப்பிழந்த திண்டு சுருங்கியது; குதிகள் ஒன்றையொன்று நெருங்கின; நடுப்பள்ளம் ஒடுங்கி ஆழ்ந்து, சாணமும் ஈரமும் தங்கும் பையாயிற்று. இரும்பு குளம்பைக் காக்கும் என்ற நம்பிக்கை தரையைப் பற்றிய பழைய கவலையையும் போக்கிவிட்டது. இலாயம் ஒருவன் கையிலும், இலாடம் இன்னொருவன் கையிலும், மருந்து மூன்றாமவன் கையிலுமாகப் பிரிந்தபின், மீண்டும் மீண்டும் வரும் நோய்க்கு மூவருள் எவனும் பொறுப்பேற்கவில்லை.

அறியாமைக்கு ஒரு கொள்கையும் துணை நின்றது. உடலிலுள்ள தீய நீர் குளம்பின் வழியே வடிகிறது. அதனை அடைத்தால் அது கண்ணுக்கோ நுரையீரலுக்கோ ஏறிவிடும் எனப் பலர் நம்பினர். ஆகவே கசிவு குதிரைக்கு நன்மை என்று விட்டுவைத்தோரும் இருந்தனர். ஆங்கில விலங்கு மருத்துவர் வில்லியம் யூவற்று 1831 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இந்நம்பிக்கையை மிகவும் தீங்கான தவறு எனக் கடிந்துரைக்க வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே சிந்தனை திரும்பியது. பிரான்சிய அரசரின் இலாயத்திலே பணிபுரிந்த எத்தியென் கில்லோம் இலபோசு, குதிப்பக்கத்தை மூடாத குறுகிய பிறை வடிவ இலாடத்தை 1750 களிற் பரிந்துரைத்தார். அதனை அணிந்த குதிரை தன் திண்டினால் நிலத்தை மிதிக்கும். புர்செலா என்பவர் இலியோன் நகரத்தில் நிறுவிய விலங்கு மருத்துவக் கல்லூரி 1762 ஆம் ஆண்டிற் கற்பித்தலைத் தொடங்கியது. இசுக்கொத்துலாந்திலே சேமிசு கிளாக்கு என்பவர் 1788 இல் வெளியிட்ட நூலின் தலைப்பே புதுமையானது: இலாயம், உணவு, நீர், காற்று, உடற்பயிற்சி ஆகியவற்றிற் செய்யும் தவறுகளால் வரும் குதிரை நோய்களைத் தடுத்தல் பற்றியது அது. குணப்படுத்தலை விடுத்துத் தடுத்தலைத் தலைப்பாகக் கொண்டமை அக்காலத்துக்குத் துணிவான செயல்.

இலண்டன் விலங்கு மருத்துவக் கல்லூரி 1791 இல் எழுந்தது. அதன் முதற் பேராசிரியர் சென்பெல் 1793 இல் இறந்தபின், எட்வேட்டு கோல்மன் என்னும் இளம் அறுவை மருத்துவர் அவ்விடத்துக்கு வந்தார். குதிரையோடு அவருக்குப் பழக்கம் குறைவு என்று பலர் நகைத்தனர். எனினும் 1839 இல் இறக்கும்வரை அவரே அங்குத் தலைமை வகித்தார். அடித்திண்டு நிலத்தை அழுத்த வேண்டும், அழுத்தாத திண்டு நோயுறும் என்பது அவருடைய பெருங்கொள்கை. குளம்பைப் பற்றிய அவருடைய நூல் 1798 இலும் 1802 இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. தரையைத் தொடாத திண்டுக்கு அழுத்தம் தரச் செயற்கைத் திண்டு ஒன்றையும் அவர் ஆக்கினார். கொள்கை நல்லதே, ஆயின் இயற்கைத் திண்டை வெட்டாமல் விடுவதைவிடச் செயற்கைத் திண்டைப் பொருத்துவது பெரிய அறிவுடைமையாகத் தோன்றியது அக்காலத்தின் குறை. குதிரைப்படை இலாயங்களிற் காற்றோட்டம் அமைப்பித்தது அவர் செய்த உறுதியான நன்மை. இங்கே ஒரு நுண்மை கருதத்தக்கது. உயர்ந்த குளம்பு அடித்திண்டை நிலத்திற்கு மேலே தாங்குவதாற் சிறந்தது என்று செனபோன் கருத, கோல்மனோ திண்டு நிலத்தில் அழுந்துவதே சிறப்பு என்றார். திண்டின் தொழிலைப் பொறுத்தவரை இக்கால அறிவு கோல்மன் பக்கமே சாய்கிறது.

கோல்மனின் மாணாக்கருள் ஒருவரான பிறேசி கிளாக்கு, ஒரே குதிரையின் குளம்பை ஆண்டுக்காண்டு அச்செடுத்து, இலாடம் ஏறிய பின் அது எவ்வாறு ஒடுங்குகின்றது என்பதனைக் காட்டினார். இலாடகாரர் அவரை விரும்பவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ!

நோயின் உட்காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்படத் தொடங்கியது. 1884 இல் இலெவிளர் என்னும் செருமானிய அறிஞர் கன்றுகளின் தொண்டைநோயில் ஒரு கிருமியைக் கண்டார். இன்று பியூசோபற்றீரியம் நெக்குரோபோரம் என வழங்கும் அப்பற்றீரியாவே குளம்படி அழுகலிலும் பெரும்பங்கு கொள்கிறது; வேறு கிருமிகளும் அதனோடு கூடுகின்றன. அது ஒட்சிசன் உள்ள இடத்திற் செழிக்காது. விலங்கின் குடலிலும் சாணத்திலும் வாழ்வதாதலின், அதனை இலாயத்திலிருந்து முற்றாக ஒழித்தல் இயலாது. மூத்திரமும் ஈரமும் கொம்புப் பொருளை மெதுமெதுப்பாக்க, காற்றுப் புகாத ஆழ்ந்த பள்ளத்திற் கிருமி தங்கித் திண்டைச் சிதைக்கிறது.

இவ்வறிவு வந்தபின் மீளும் நோயின் புதிர் அவிழ்ந்தது. மயில்துத்தம், கீல், சுண்ணாம்பு, அயடீன் முதலியன மேலே உள்ள கிருமியைக் கொல்லும். ஆனால் பள்ளத்தின் அடியிற் காற்றில்லாத இருள் அப்படியே இருக்கும். தரையிற் சாணமும் அப்படியே இருக்கும். ஆறியதாக எண்ணி மருந்தை நிறுத்தியதும் நோய் புதிதாகத் தொடங்கும். பொறுமை இழந்தவன் முன்னையிலும் கடுமையான மருந்தை ஊற்றுவான். கடுமருந்து உயிருள்ள இழையத்தையும் எரித்துவிடும். எரிந்த இழையமோ கிருமிக்கு நல்ல உணவு. இவ்வாறு மருந்தே நோயை வளர்த்த இலாயங்கள் பல.

பின்னங்கால்களில் இந்நோய் மிகுதியாக வருவதன் காரணமும் இதனால் விளங்கும். கட்டுண்ட குதிரையின் பின்னங்கால்களே அதன் கழிவில் நிற்பன. முன்னங்காலில் வரும்போது, குதி ஒடுங்கியமை பெரும்பாலும் காரணமாயிருக்கும். ஆகவே எந்தக் காலில் நோய் என்பதைப் பார்த்தே, குற்றம் தரையிலா குளம்பின் வடிவத்திலா என ஓரளவு உய்த்துணரலாம்.

கொடுஞ்சேறு எவ்வளவு கேடு செய்யும் என்பதனை 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப்போர் உலகிற்கு உணர்த்தியது. பிரான்சின் போர்முனையிலே பல இலட்சம் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் திறந்த வெளியில் மழைக்காலம் முழுதும் சேற்றிற் கட்டப்பட்டு நின்றன. குளம்பழுகலும் கால்வெடிப்பும் புண்ணும் பெருகின. பிரித்தானியப் படையின் விலங்கு மருத்துவ அணிகள் பெரிய மருத்துவமனைகளை நடத்தின. எனினும் இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பரப்பிக் குதிரை நிற்க மேடை அமைத்தலும் அவசியமாயிற்று.

இக்கால மருத்துவ முறை இவ்வனைத்தையும் ஒருங்கு சேர்த்தது. தேர்ந்த கை சிதைந்த இழையத்தை மட்டும் அகற்றிப் பள்ளத்தைத் திறந்து காற்றோட்டம் தரும். உயிருள்ள பகுதி தொடப்படாது. பின் மென்மையான கிருமிநாசினியிற் பஞ்சை நனைத்துப் பள்ளத்தின் அடிவரை செலுத்தி, நாள்தோறும் மாற்றுவர். குருதி கசிந்தாலோ குதிரை நொண்டினாலோ மருத்துவரை அழைப்பது இன்றியமையாதது. ஏற்புவலிக்கு எதிரான ஊசியையும் அவர் எண்ணுவார். அழுகலுக்குப் பதிலாகத் திண்டிலே பூங்கோசு போலச் சதை வளருமாயின் அது வேறு நோய். அதற்கு வேறு மருத்துவம். இவை யாவும் சில கிழமைகளில் முடிந்துவிடும். முடியாத வேலை நாள்தோறும் குளம்பைத் தூக்கிக் கொக்கியால் அழுக்கை அகற்றுதல், நனைந்த படுக்கையை மாற்றுதல், குதிரையை நடக்கவிடுதல், குதி ஒடுங்காமற் சில கிழமைக்கொருமுறை குளம்பைச் சீர்செய்தல் ஆகியன. நோய் மீள்வது பெரும்பாலும் இப்பிந்திய வேலை நின்றுபோன வீட்டிலேயே.

இலாடமின்றிக் கல்நிலத்திலே திரியும் குதிரைகளைக் காண விரும்பும் இலங்கையர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவிற் கட்டின்றி மேய்கின்றன. ஆங்கிலேயர் காலத் தொடக்கத்திலும் அங்குக் குதிரை வளர்ப்பு நடைபெற்றது. தீவின் நிலம் முருகைக்கல் நிலம். வீட்டு வேலிகளும் முருகைக்கல்லாலேயே அடுக்கப்பட்டுள்ளன. கோடையிற் குடிநீர் வற்றும்போது அவை படும் துன்பம் வேறு கதை. ஆனால் கால் மாற்றிக் கால் வைத்து நாள்முழுதும் கல்லின்மேல் நடக்கும் வாழ்வு அவற்றுக்கு எவரும் கட்டிக்கொடாமலே வாய்த்தது. மேனாட்டிலோ, ஈரக்காலத்திற் குளம்பழுகலுக்கு அஞ்சும் குதிரை வளர்ப்போர் பலர், வாயிலருகிலும் நீர்த்தொட்டியைச் சுற்றியும் வடிகால் வெட்டி, உருள்சரளையைப் பணங்கொடுத்து வண்டி வண்டியாக வாங்கிக் கொட்டுகின்றனர்.